ஆடுகிற பலகை

"அங்ஙன உக்காராதீங்க, அந்தப் பலகை ஆடும். இந்தப் பக்கம் வாங்க" என்று சொல்லி, கையைப் பிடித்து உட்காரவும் வைத்துவிட்டாள் ஆவுடையம்மாள். உட்கார்ந்த பிறகுதான் தளவாய்க்கு உறைத்தது: பலகை ஆடும் என்று இவளுக்கு எப்படித் தெரியும்? உடனே கேட்டிருப்பார். அதற்குள் வழிகாட்டி நாகராசு வாய்மேல் விரலை வைத்துவிட்டார். "இனிப் பேச்சு இல்லைங்க சார். ஆண் இருவாச்சிப் பறவை வந்து, பொந்துக்குள்ள இருக்கிற பொட்டைக்கு ஊட்டிட்டுப் போற வரைக்கும் யாரும் வாயே திறக்கக் கூடாது. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா அது திரும்பிப் போயிரும். உள்ள இருக்கிறது பட்டினி கிடக்கும்." ஆக, கேள்வி மீன் முள்ளைப்போலத் தொண்டையில் நின்றுவிட்டது. தளவாய் கால் சொறிகிற சாக்கில் குனிந்து, வலப்பக்கத்துப் பலகையை லேசாக அழுத்திப் பார்த்தார். ஆடியது. ஆடாமல் இருந்திருந்தால் ஏதோ பொம்பளைப் பயம் என்று விட்டிருக்கலாம். நேற்று சாயங்காலம்தான் புருஷனும் பெண்டாட்டியுமாக இந்த ஆனைமலைக் காட்டு விடுதிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார்கள். தேயிலைத் தோட்டமெல்லாம் முடிந்து, வெயில் தரையில் விழாத காடு தொடங்குகிற இடத்தில் நாலே நாலு குடில். இறங்கும்போது மழை. அவள் சேலைக் கரை நனைந்தது, சமையல்கட்டுப் பக்கம் ஒரு நாய் உடம்பை உதறியது, எல்லாம் கண்ணுக்குள் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தார்கள். காலையில் எழுப்பி இங்கே நடத்திக் கூட்டிவந்தார்கள். இடையில் இவள் எப்போது பறவை பார்க்கிற இந்த மூங்கில் மறைப்புக்குள் வந்து பலகையை ஆட்டிப் பார்த்தாள்?

முப்பத்து நாலு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷன் அவர். மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் அவர் பார்க்காத முழி கிடையாது. ரிட்டையராகி ஆறு வருஷம் ஆகிறது. கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டாரே தவிர, கண்ணைக் கழற்ற முடியவில்லை. டிக்கெட் இல்லாதவன் ஓடுவான் ஒளிவான் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவன் ஓட மாட்டான். நாம் வருவதற்கு முன்னாலேயே ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிடுவான், கோவில்பட்டிக் கரிசலில் என்னமோ அதிசயம் நடக்கிற மாதிரி. இன்னொருத்தன் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுவான். "அடுத்த ஸ்டேஷன்தான் சார்" என்பான். உன்னை யார் ஐயா கேட்டது? இவளும் கேட்காமல்தானே சொன்னாள், பலகை ஆடும் என்று. சொன்னதோடு சரி, அப்புறம் மூங்கில் தட்டியில் விட்டிருந்த கண்ணளவுப் பிளவு வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தவள்தான், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தளவாய் அவள் காதோர நரையைப் பார்த்தார். சிவப்புக்கல் கம்மலைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷம் பக்கத்திலேயே இருந்த காது. அதற்குள் என்ன போயிற்று, யார் பேச்சுப் போயிற்று என்று யாருக்குத் தெரியும். வெளியே எதிர்ச்சரிவில் அந்த மரம் நின்றது, அடி பெருத்து, பாதி உயரத்துக்குக் கிளையே இல்லாமல். கிளை தொடங்குகிற இடத்தில் ஒரு பொந்து. பொந்தின் வாயைத் தன் எச்சத்தாலேயே பூசி அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறதாம் பெட்டை. ஒரு கீற்றுதான் திறப்பு. அதற்குள் ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. உள்ளே பறவை இருக்கிறது என்பதற்கு நாகராசு சொல்லைத் தவிர என்ன அத்தாட்சி? வருகிறவர்களையெல்லாம் வெறும் பொந்துக்கு முன்னால் உட்கார வைத்து, பேசாதே பேசாதே என்று சொன்னால், யார் எழுந்து போய் எட்டிப் பார்க்கப்போகிறார்கள்.

நாகராசு நல்ல மனுஷர்போலத்தான் தெரிகிறார். காடர் குடியிருப்பிலிருந்து வருகிறவர், நாற்பத்தைந்து வயதிருக்கும், இந்தக் கூட்டை எட்டு வருஷமாகக் காவல் காக்கிறாராம். ஆனால் நல்ல மனுஷர் என்று தெரிகிறவர்களிடம்தான் கூடுதலாக ஒரு பார்வை பார்க்க வேண்டும். அவர் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, சத்தமில்லாமல் மூன்று டம்ளரில் டீ ஊற்றினார். ஒரு டம்ளரை முதலில் தனியாக ஊற்றி ஆவுடையிடம் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டிலும் பொட்டலத்திலிருந்து சர்க்கரை போட்டுக் கலக்கினார். தளவாய் டம்ளரைக் கையில் வாங்கியபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆவுடை சர்க்கரை போட மாட்டாள் என்று காட்டுக்குள் இருக்கிற மனுஷனுக்கு யார் சொன்னது? அவளும் ஆச்சரியப்படவில்லை, வாங்கிக் குடித்தாள். தூரத்தில் யாரோ சீட்டியடித்தார்கள். மெதுவாக, சோம்பலாக, பாட்டு மறந்துபோன மனுஷன் அடிக்கிற சீட்டி. தளவாய் சட்டென்று திரும்பினார். நாகராசு பறவை என்று கையால் சிறகு காட்டினார். பறவையாம். எந்தப் பறவை இப்படி ஆள் கூப்பிடுகிற மாதிரி சீட்டியடிக்கும்? கணுக்கால் அரித்தது. காலுறையைச் சுருட்டிப் பார்த்தால் அட்டைக் கடி மூன்று. ஒன்றில் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது. மற்ற இரண்டும் காய்ந்து கறுத்திருந்தன. வரும் வழியில் கடித்தது அதற்குள் பொருக்குத் தட்டிவிட்டதா? காட்டு அட்டை அப்படித்தான் போலிருக்கிறது. அவர் காலுறையை ஏற்றிவிட்டுக்கொண்டார். கேஸு அது இல்லை, கேஸு பலகை. இவள் இங்கே முன்பே வந்திருக்கிறாள். எப்போது? யாரோடு?

நெருப்பில்லாமல் புகையாது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம், செண்பகத்துக்கு நாலு வயது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொள்ளாச்சியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்தாள் ஆவுடை. இவருக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பி வந்த அன்று, அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் பையைத் திறந்து பார்த்தார். பார்த்தது தப்புத்தான். அன்றைக்கே தப்பு என்று தெரியும், தெரிந்துதான் பார்த்தார். பிள்ளையின் கவுன், ஒரு டப்பா கோபுரம் குங்குமம், அடியில் ஒரு பஸ் டிக்கெட். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறுக்கு. டிக்கெட்காரன் கையில் டிக்கெட் கிடைத்தால் விடுவானா. குளித்துவிட்டு வந்தவளிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார், எங்கேயாவது போனீர்களா என்று. "அணை பாத்துட்டு வந்தோம்" என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே. வந்தோம் என்றால் யார் யார்? அக்கா, அத்தான், அத்தானின் தம்பி குமாரவேல். அந்தக் குமாரவேல் காட்டிலாகாவில் வேலை பார்த்தவன். ஜீப் ஓட்டுவான். சிரிக்கும்போது எல்லாப் பல்லும் தெரியும். ஆழியாறுக்கு மேலே மலைப் பாதை. மலைப் பாதைக்கு மேலே இந்தக் காடு. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும், அணையோடு திரும்பினீர்களா, மேலே ஏறினீர்களா என்று. கேட்கவில்லை. பையைத் திறந்தது தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்குமேல் அது உள்ளே கிடந்து, இன்றைக்கு ஒரு பலகை ஆடி மேலே வந்துவிட்டது. ஆனால் முப்பது வருஷப் பலகையா இது? தட்டி புதுசு, மேலே போர்த்தின துணி புதுசு. பலகையும் அப்படியொன்றும் பழசாகத் தெரியவில்லை. தளவாய்க்கே கணக்கு உதைத்தது. உதைத்தாலும் சந்தேகம் விடவில்லை, கூட்டல் தப்பானால் தாளை மாற்றிக்கொண்டு அடுத்த பக்கத்தில் போடச் சொன்னது.

இந்தப் பயணமே சந்தேகந்தான். காடு பார்க்க வேண்டும் என்று அவர் எப்போது கேட்டார்? ரயிலிலேயே ஆயுசு கழிந்தவருக்கு, ரிட்டையரான பிறகு ஆடாத நாற்காலி ஒன்று போதும் என்றிருந்தது. மகள் செண்பகம்தான் பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அப்பா, அம்மாவக் கூட்டிட்டு நாலு நாள் போயிட்டு வாங்க, மனசுக்கு நல்லாருக்கும்" என்றாள். அவள் குரலில் இப்போதெல்லாம் ஒரு தேன் தடவல். முன்பெல்லாம் அப்பாவோடு வாய்க்கு வாய் சண்டை போடுகிறவள். மனுஷன் திடீரென்று அன்பாகப் பேசினால் அங்கே ஏதோ மறைக்கிறான் என்று அர்த்தம். அவரும் எத்தனை பேருடைய அன்பைப் பார்த்திருக்கிறார், வாங்க சார் உட்காருங்க சார் முறுக்குச் சாப்பிடுங்க சார். போன மாதம் தாயும் மகளுமாகச் சேர்ந்து அவரை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவன் நாடி பார்க்கவில்லை, பிரஷர் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, கடிகாரம் வரையுங்கள், மணி பதினொன்று பத்து என்று காட்டுங்கள் என்றான். கடிகாரத்தோடு குடித்தனம் நடத்தியவரிடம் கடிகாரம் வரையச் சொல்கிறான், சின்னப் பயல். வட்டம் போட்டார். எண்களை எழுதினார். பாதி வட்டத்திலேயே பன்னிரண்டும் வந்து நெருக்கிக்கொண்டு நின்றன, தீபாவளிக் கூட்டத்துக்குப் பொதுப்பெட்டியில் ஏறின சனம் மாதிரி. மீதிப் பாதி வெறிச்சென்று கிடந்தது. தாள் சின்னது என்றார். டாக்டர் சிரித்தான். ஆவுடை சிரிக்கவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அதுதான், அன்றைக்கே பார்த்தாள். இங்கே வந்தும் ஒரு பாறைமேல் ஏறி நின்று போன் பேசுகிறாள், அங்கேதான் சிக்னல் வருமாம். தளவாய் பக்கத்தில் போனதும் "சரிம்மா, வைக்கேன்" என்று வைத்துவிட்டாள். இது எப்போது நடந்தது? நேற்று வந்து இறங்கும்போது மழை அல்லவா. மழையில் பாறைமேல் எங்கே ஏறினாள்? பாறையில் வெயில் அடித்த மாதிரி ஞாபகம். அவர் அந்த வெயிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எங்கேயும் வைக்க முடியாதபோது மனசு பழைய இடத்துக்குத்தான் போகும். மணியாச்சி. அந்த மனுஷன் முகம் வருகிறது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் மீசையோடு வருகிறது. தூத்துக்குடி பாசஞ்சர், சித்திரை வெயில், வெள்ளை வேட்டி கட்டின பெரியவர். டிக்கெட் என்றதும் அவர் விழிக்கவில்லை, பயப்படவும் இல்லை. "அவகிட்ட இருக்கு" என்றார். யாரிடம்? "எம் பொண்டாட்டிகிட்ட." அவள் எங்கே? அவர் பக்கத்து இடத்தைக் காட்டினார். பக்கத்து இடத்தில் ஒரு சாக்கு மூட்டையும் வேறொரு குடும்பமும் இருந்தது. எங்கே போகிறீர் என்றால், "அவளுக்குத் தெரியும்" என்கிறார். பெட்டி முழுக்கச் சிரித்தது. தளவாய்க்கு அப்போது இருபத்தெட்டு வயது, கோட்டின் மடிப்புக் கலையாத காலம். எத்தனை நடிப்பைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்து, மணியாச்சியில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அந்தக் கை வேர்த்து மெத்தென்று இருந்தது, இறங்குகிறபோது இவர் விரலை விடாமல் பிடித்துக்கொண்டது. வண்டி புறப்பட்டு வேகமெடுத்த பிறகு, கோடிப் பெட்டியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த ஒரு அம்மாள் சொம்பும் கையுமாக, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தாள். "இங்ஙன ஒருத்தர் இருந்தாரே, இங்ஙன ஒருத்தர் இருந்தாரே." அவள் கையில் இரண்டு டிக்கெட். அடுத்த ஸ்டேஷனில் அவளை இறக்கி, மணியாச்சிக்குச் சொல்லி அனுப்பி, எல்லாம் செய்தார். கண்டுபிடித்திருப்பார்கள். நிச்சயமாகக் கண்டுபிடித்திருப்பார்கள். அவர் விசாரிக்கவில்லை. ஆயிரம் பேரைத் துருவித் துருவி விசாரித்தவர், அந்த ஒன்றை மட்டும் விசாரிக்கவே இல்லை. இதை ஆவுடையிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியானால் அவளும் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கலாம்தானே. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. மறைப்புக்குள் அழக்கூடாது, அதுவும் சத்தந்தான்.

நாகராசு அவர் முழங்கையைத் தொட்டு, காதருகே வந்து, மூச்சுக் காற்றால் சொன்னார்: "எஞ்சின் வருதுங்க சார்." அடுத்த கணம் தளவாய்க்கும் கேட்டது. காட்டுக்கு மேலே, ஹுஸ் ஹுஸ் என்று, ஏற்றத்தில் ஏறுகிற கரி எஞ்சின் மூச்சு விடுகிற சத்தம். கரி எஞ்சினேதான், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீட்டர் பாதையில் ஓடின எஞ்சின். உடம்பெல்லாம் சிலிர்த்து, கரிப்புகை வாசனை மூக்கில் வந்து, உடனே அந்த வாசனையின் நடுவிலேயே அடுத்த முள்ளும் தைத்தது. எஞ்சின் என்று இந்த ஆளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இதைக் கேட்டு எஞ்சின் என்று சொல்லுகிறவன் ரயில்காரனாக இருக்க வேண்டும். ஆவுடை இந்த ஆளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாள், ஏன் சொன்னாள் என்பதற்குள் பறவை வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மாடி, எவ்வளவு பெரிசு. கறுப்பும் வெள்ளையுமாகச் சிறகு, மஞ்சள் அலகு, அலகுக்குமேல் இன்னொரு அலகைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு கொண்டை. அது உடனே ஊட்டவில்லை. மரத்தண்டில் ஒட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, சிவந்த கண்ணால் நாலு பக்கமும் பார்த்தது. அதுவும் சந்தேகப் பிராணிதான். பிறகு தொண்டையை எக்கி ஒரு அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கீற்றுக்குள் நீட்டியது. உள்ளேயிருந்து இன்னொரு அலகின் நுனி வந்து வாங்கிக்கொண்டது. ஆக, உள்ளே இருக்கிறது. நாகராசு பொய் சொல்லவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தளவாய் எண்ணினார். பதினேழு பழம். உள்ளே இருப்பது கொடுப்பவனைப் பார்க்கக்கூட முடியாது, அலகு மட்டும் தெரியும், அதுவும் பாதி. அதை நம்பி வாயைத் திறக்கிறது. ஒவ்வொரு நாளும் திறக்கிறது. ஆவுடை பிளவிலிருந்து கண்ணை எடுத்து முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினாள். கண் ஈரமாக இருந்தது. அவள் பறவையைப் பார்க்கவில்லை, அவர் பார்க்கிறதைப் பார்த்தாள்.

ஆண் மறுபடி எஞ்சின் சத்தத்தோடு பறந்து போனதும், நாகராசு பையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். கூட்டைப் பார்க்க வருகிறவர்கள் அவரவர் கையாலேயே பதிவு எழுத வேண்டும், தேதி, வந்த நேரம், என்ன பழம், எத்தனை, குறிப்பு, கையெழுத்து. அது இந்த விடுதியின் பழக்கமாம். நோட்டை விரித்துப் பிடித்து, "இந்த வரியில எழுதுங்க சார்" என்று பேனாவை நீட்டினார் நாகராசு. அவர் இடது கைக் கட்டைவிரல், எழுத வேண்டிய வரிக்கு மேலே, முந்தின வரிகளின்மேல் அகலமாகப் படிந்திருந்தது. தளவாய் அந்த விரலைப் பார்த்தார். நேற்றைய டிக்கெட்டை இன்றைக்கு நீட்டுகிறவன் இப்படித்தான் பிடிப்பான். தேதிமேல் கட்டைவிரல் இருக்கும், முகத்தில் சிரிப்பு இருக்கும். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

"விரலை எடுங்க."

"எழுதுங்க சார், நேரம் மறந்து போயிரும்."

"விரலை எடுங்கன்னேன்."

நாகராசு ஆவுடையைப் பார்த்தார். அவள், "எடுங்க, பாக்கட்டும்" என்றாள். விரல் நகர்ந்தது. இரண்டு வரிகள். முன்சாய்ந்த எழுத்து, ஏழுக்கு நடுவில் ஒரு கோடு, கையெழுத்துக்கு அடியில் இரண்டு கோடு. அந்த இரண்டு கோட்டை இந்த உலகத்தில் ஒருத்தன்தான் போடுவான். முந்தா நாள் தேதி: காலை 7.40, அத்தி, 21. குறிப்பு: 'இறக்கைச் சத்தம் கரி எஞ்சின் போல். வழியில் ஆழியாறு. ஆவு. இங்கு முன்பு வந்தவளோ?' நேற்றுத் தேதி: காலை 7.52, அத்தி, 23. குறிப்பு: 'பலகை ஆடும் என்று ஆவு. எப்படி அறிவாள்? முன்பு வந்திருக்கிறாள். யாருடன்? விசாரிக்க.' தளவாய் படித்தார். மறுபடி படித்தார். மை அவர் மை, எழுத்து அவர் எழுத்து, நேற்று மட்டும் அவருடையதாக இல்லை. எழுதின கையைப் பார்த்தார், அது சாதுவாக மடியில் கிடந்தது. அட்டைக் கடி மூன்று. பாறைமேல் வெயில். சர்க்கரை இல்லாத டீ. எல்லாம் வரிசையாக வந்து தங்கள் இடத்தில் உட்கார்ந்தன, முன்பதிவுப் பெட்டியில் உட்காருகிற மாதிரி, ஒரு இடமும் மிச்சமில்லாமல். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அவருக்கு இப்போது தெரிந்தது, தெரிந்தவுடன் குளிர்ந்தது. பயம் வந்தது, நல்ல பெரிய பயம், காட்டை விடப் பெரியது. பயத்துக்கும் முன்னால் வந்தது வெட்கம். இவள் இதைப் படித்திருக்கிறாள். முந்தா நாள் படித்திருக்கிறாள், நேற்றும் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, இன்று காலை மறுபடி கையைப் பிடித்து, அந்தப் பலகை ஆடும் என்று மறுபடி சொல்லியிருக்கிறாள். அதைச் சொன்னால் என்ன எழுதப்போகிறார் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாள், அவர் விழுந்துவிடக்கூடாது என்று.

"மொத நாளு நீங்க அதுல உக்காந்து சரிஞ்சிட்டீங்க" என்றாள் ஆவுடை. "இடுப்புல அடி. அதான் சொல்லுதேன்."

"மூணு நாளாச்சா?"

"இன்னைக்கி மூணாம் நாளு."

"எனக்கு என்னட்டி ஆச்சு?"

அவள் முந்தானையால் அவர் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பாசியைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே இன்னொரு தரம் துடைத்தாள். "நாளைக்கும் ஒருநா இருக்கு. பாக்கணும்னா வருவோம். வேண்டாம்னா ஊருக்குப் போயிருவோம்" என்றாள். தளவாய் தலையை ஆட்டினார், எதற்கு ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. பொந்துக் கீற்றில் இப்போது லேசாக ஏதோ அசைந்தது, பின் அடங்கியது. நாளைக்கும் இந்த வழியாக நடத்திக் கூட்டிவருவார்கள். நாளைக்கும் ஒருவன் வந்து இங்கே உட்காருவான், ஆவுடையின் காதோரத்தைப் பார்த்துக்கொண்டு, குமாரவேலையும் ஆழியாறு டிக்கெட்டையும் தோண்டி எடுப்பான். அவனை இவரால் தடுக்க முடியாது. அவனுக்கு ஒன்று எழுதி வைக்கலாம், அவ்வளவுதான். யார் சொன்னாலும் நம்ப மாட்டான் அந்தப் பாவி, இந்த எழுத்தை நம்புவான். பேனாவை வாங்கினார். தேதி கேட்டார், ஆவுடை சொன்னாள், எழுதினார். நேரம் கேட்டார், நாகராசு சொன்னார், எழுதினார். பழம் பதினேழு என்பது மட்டும் அவருக்கே ஞாபகம் இருந்தது. குறிப்பு என்கிற கட்டத்துக்கு வந்ததும் கை கொஞ்சம் நின்றது. பிறகு நிதானமாக, அந்தக் காலத்தில் மேலதிகாரிக்கு அறிக்கை எழுதுகிற எழுத்தில், எழுதினார்: 'விசாரித்தாயிற்று. ஆவுடை என்னோடுதான் வந்தாள். டிக்கெட் இரண்டும் அவளிடம் இருக்கிறது.' கீழே கையெழுத்துப் போட்டு, இரண்டு கோடு இழுத்தார்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நாளைக்கு விரலை வைக்காதீங்க" என்றார் நாகராசுவிடம். பிறகு எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஆவுடை பிடித்துக்கொண்டாள். அவர் கை வேர்த்து மெத்தென்று இருந்தது, அது அவள் விரலை விடவில்லை.